காளவாய்க்குக் காளவாய் விலை

கோவிந்தம்மாள் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த வீட்டில் நிலம் கிடையாது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையோரம் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. மாமனார் கட்டியது. அவர் போன பிறகு புருஷன் பச்சையப்பன் அதை எரித்துக்கொண்டிருந்தான். நெல் அவிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்குக் கல் அவிக்கிற வீடு பழகக் கொஞ்ச காலம் பிடித்தது.

காளவாய் என்பது ஆள் உயரத்துக்கு மேல் வட்டமாக எழுப்பிய கல்சுவர். கீழே காற்று போக ஒரு வாய். ஓடையிலும் மேட்டு நிலத்திலும் பொறுக்கிய சுக்கான்கல் ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பித் தீ மூட்டுவார்கள். மூட்டிய பிறகு நிறுத்த முடியாது. பாதி வெந்த கல் எதற்கும் ஆகாது. வெந்து இறங்கிய சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத் தானே நீறிப் பொடியாகிவிடும். ஆகவே நெருப்பு வைக்கும் முன்பே, இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் தோல் பதனிடும் டேனரிக்காரர்கள். தோலில் இருக்கிற மயிர் கழல வேண்டுமானால் முதலில் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டாக வேண்டும். பச்சையப்பன் மாமூலாக ஒரே டேனரிக்குப் போட்டான். அங்கே ஸ்டோர் பார்த்தவர் மஹபூப் பாஷா. பொங்கல் கழிந்ததும் பச்சையப்பன் போய் நிற்பான். பாஷா ஒரு ரேட் சொல்வார். அடுத்த பொங்கல் வரை அதுதான் விலை. மாமனார் காலத்திலிருந்தே அப்படி. எழுத்துக் கிடையாது, வாய்ப்பேச்சுதான். விலைவாசி நின்ற இடத்தில் நின்றவரை அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் விலைவாசி நகரத் தொடங்கியது. முதலில் அரிசி, பிறகு கடலை எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய். காளவாய்க்கு வேண்டிய கரி ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டிலிருந்து வந்தது. என்ஜின்கள் எரித்துக் கொட்டிய, இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிற கரி. அதை ஏலத்தில் எடுத்து விற்ற காண்டிராக்டர் மாதத்துக்கொரு விலை சொன்னார். சுண்ணாம்பு மட்டும் பொங்கலுக்குப் பேசிய ரேட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சோற்றிலிருந்து கேழ்வரகுக் களிக்கு மாறியது.

"ஏங்க, ஊர்ல அல்லாம் ஏறுது. நாம விக்கிறது மட்டும் ஏன் ஏறல?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"பேசினது பேசினதுதான். பொங்கலுக்குப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் இன்னா துன்றது?"

பச்சையப்பன் கூடையை எடுத்துக்கொண்டு கல் பொறுக்கப் போனான். அவன் அதிகம் பேசாத ஆள்.

அந்த வருஷம் கையில் சரக்கு இருந்தவர்கள் எல்லாரும் பதுக்கினார்கள். நெல் வைத்திருந்தவன் நெல்லை அடைத்து வைத்தான். டேனரிகளுக்குத் தோல் பதனிடக் கடுக்காய் விற்கிற மண்டிக்காரர் கடுக்காய் மூட்டைகளை உத்தரம் வரை அடுக்கினார். சும்மா வைத்திருந்தாலே சரக்கு சம்பாதித்துக் கொடுக்கிற காலம். கோவிந்தம்மாளுக்கும் ஆசை வந்தது. ஒரு தடவை இறக்கிய சுண்ணாம்பில் பாதியைக் கொட்டகைக்குள் போட்டுச் சாக்கு, ஓலைப்பாய், மறுபடி சாக்கு என்று மூடி வைத்தாள். மழையே இல்லாத மாதம்தான். இருந்தும் பத்து நாளில் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது கட்டிகள் வாய் பிளந்து மாவாகக் கிடந்தன. பச்சையப்பன் அதை அள்ளி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கக் கொடுத்துவிட்டு வந்தான். அவளை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

பிறகு இன்னொரு அடி. அரைப் பதனாக இருக்கிற தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் வரம்பு வைத்தது. இனி முழுக்கப் பதனிட்டு, சாயம் ஏற்றி, செருப்பாகவோ பையாகவோதான் போக வேண்டும் என்பது திட்டம். அதற்கு மிஷின் வேண்டும். மிஷின் வாங்க முதல் வேண்டும். டேனரி முதலாளிகள் வாங்கலாமா, வேண்டாமா என்று யோசித்தார்கள். அவர்கள் யோசித்த மாதங்களில் தொட்டிகளில் பாதி காலியாகக் கிடந்தது. எழுபத்து நாலு பொங்கலுக்கு மஹபூப் பாஷா ரேட்டை ஏற்றவில்லை, வாங்குகிற சுண்ணாம்பையும் பாதியாகக் குறைத்தார். கரி விலை ஏறுகிறது, சுண்ணாம்பு ரேட் நிற்கிறது, கேட்கிற ஆளும் கம்மி. மூன்றும் ஒரே சமயத்தில் வந்தன.

"காளவாய நிறுத்திட்டு டேனரிக்கே வேலைக்குப் போய்டலாம்னு பாக்கிறேன்," என்றான் பச்சையப்பன்.

"அங்கயே பாதிப் பேரை வேணாம்னு அனுப்புறாங்க. ஒன்ன எவன் சேத்துக்குவான்?"

மறுநாள் அவள் ஒரு சிறு சாக்கில் சுண்ணாம்புக் கட்டி கட்டிக்கொண்டு குடியாத்தத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே லுங்கி நெய்கிறவர்கள் கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறுகிறார்கள், ஷெட் ஷெட்டாகக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். சிமெண்ட் அப்போது பர்மிட்டுக்குத்தான் கிடைத்தது. பர்மிட் எழுதிப் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு போய்க் கனகராஜ் என்பவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாலு விசைத்தறி போட ஷெட் கட்டிக்கொண்டிருந்தார். அஸ்திவாரம் எழும்பி நின்றது. மேலே சுவர் இல்லை.

கட்டியொன்றைத் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். அது சீறிக் கொதித்து வெண்ணெயாக மலர்ந்தது. கனகராஜ் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. எப்ப தருவே?"

"அடுத்த காளவாய் அல்லாம் ஒங்களுக்குத்தாண்ணே."

டேனரி ரேட்டைவிடக் கூடுதலாகப் பேசி, முன்பணமும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பச்சையப்பன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. கல் பொறுக்கி ஆயிற்று. ஒரு எரிப்புக்குக் காணும் கரி மேட்டில் குவிந்திருந்தது. அதற்குப் பின்னாலேயே அடுத்த லோடு கரி வருவதாக ஏற்பாடு.

எழுபத்து நாலு மே மாதம் நாடு முழுக்க ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ஜின் ஓடவில்லை, கரி எரியவில்லை, ஷெட்டில் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எப்போது முடியும் என்று சொல்லவும் ஆளில்லை. சுற்று வட்டாரத்துக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விறகு போட்டு எரிக்கலாம் என்றால் விறகு விலை அதைவிட மோசம். பச்சையப்பனிடம் இருந்தது அந்த ஒரு குவியல்தான். அதை மூட்டினான்.

சுண்ணாம்பு வெந்து ஆறிக்கொண்டிருந்த அன்று மஹபூப் பாஷா வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். அதுவரை அவர் காளவாய்ப் பக்கம் வந்ததே இல்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"பச்சையப்பா, சரக்கு அல்லாம் நம்ம டேனரிக்கு வேணும். தோலு ஊறுது. ரெண்டு நாள்ல சுண்ணாம்புல போடலன்னா அழுவிப்போவும். எங்கயும் கெடைக்கல, ரொம்பப் பேஜாராப் போச்சு."

பச்சையப்பன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் பேசினாள்.

"இது குடியாத்தத்துக்குப் பேசினது பாய். பணம் வாங்கிட்டோம்."

"ஒங்க மாமனார் காலத்துலேந்து வாங்கறோமேம்மா!"

"வாங்கறீங்க. கரி ரெண்டு பங்கா ஏறிச்சு, ரேட்டு ஏத்துனீங்களா? பொங்கலுக்குப் பாக்கலாம்னீங்க, பொங்கலும் போச்சு."

"இப்ப இன்னா, ஜாஸ்தி வேணுமா? கேளு, மொதலாளிகிட்ட சொல்றேன்."

கோவிந்தம்மாள் காளவாயைத் திரும்பிப் பார்த்தாள். குடியாத்தத்துக்காரர் பழைய டேனரி ரேட்டைவிடக் கூடுதல் கொடுப்பவர். வாக்கும் அவருக்குத்தான் கொடுத்திருந்தது. ஆனால் சுவர் ஒரு தரம்தான் எழும்பும். தோல் மாதாமாதம் வரும். இன்றைக்குத் தோல் அழுகினால் இந்த டேனரி வேறு காளவாயைத் தேடிப் போகும், திரும்பி வராது. அவளுக்குப் பிடிக்காத கணக்குத்தான். இருந்தும் போட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு தரம் ஜாஸ்தி குடுத்துட்டு மறுபடி பழைய ரேட்டுக்குப் போவக் கூடாது பாய். இனிமே பொங்கலுக்குப் பொங்கல் கெடையாது. காளவாய்க்குக் காளவாய் வெலை. கரி ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும். ஒத்துக்கிட்டா வண்டி பூட்டச் சொல்றேன்."

பாஷா சைக்கிளில் திரும்பிப் போனார். சாயந்திரத்துக்குள் வந்து சரி என்றார்.

வண்டி கிளம்பிய பிறகு பச்சையப்பன் சொன்னான்: "ஆபத்துல வந்தவன்கிட்ட பேரம் பேசிட்டியேமே."

"நம்ம ஆபத்துல அவங்க ரேட்ட ஏத்தலியே."

"அப்ப குடியாத்தத்துக்காரன் இன்னா பண்ணான் நமக்கு?"

அவள் முன்பணத்தை எடுத்து எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவளேதான் போனாள். புருஷனை அனுப்புவது சரியாகப் படவில்லை. கனகராஜ் சத்தம் போடவில்லை. அவள் நீட்டிய பணத்தை வாங்கி, எண்ணாமல், மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதை வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? நான் குடுத்தப்ப இந்தப் பணத்துக்கு வாங்கக் கெடச்சது இன்னிக்குக் கெடைக்குமா? அதே நோட்டுதான், அதே பணம் இல்ல."

"அடுத்த காளவாய் பழைய வெலைக்கே தர்றேண்ணே."

"அடுத்த காளவாய் எப்பன்னு ஒனக்கே தெரியாது. வேணாம் போ."

அவர் கீழ்ச்சுவர் வரை மண்ணால் எழுப்பி, மேலே தட்டி கட்டித் தறி போட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டாள். ஷெட் தாமதமாகித்தான் திறந்தது. அவர் அதற்குப் பிறகு இவர்களிடம் ஒரு மூட்டை சுண்ணாம்புகூட வாங்கவில்லை. அந்தத் தெருவில் வேறு சிலர் வாங்கினார்கள். கோவிந்தம்மாள் குடியாத்தம் போகும்போதெல்லாம் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வேலைநிறுத்தம் முடிந்தது. கரி வந்தது, கூடின விலையில். சுண்ணாம்பு விலையும் கூடவே ஏறியது. அந்த வருஷம் முழுக்கக் காளவாய் நஷ்டமில்லாமல் ஓடியது. களி மறுபடி சோறானது. ஊரில் மற்றக் காளவாய்க்காரர்களும் இதே பேச்சைத் தங்கள் தங்கள் டேனரியில் பேசினார்கள். சிலருக்கு நடந்தது, சிலருக்கு நடக்கவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் யாரும் எதிர்பாராதது நடந்தது. விலைகள் இறங்கின. மழை பெய்து விளைச்சல் வந்தது. நெருக்கடி நிலைக் காலம். பதுக்கினவர்கள் பயந்து சரக்கை வெளியே விட்டார்கள். கடுக்காய் மண்டிக்காரர் ஏற்றி அடுக்கியதை இறக்கி, வாங்கிய விலைக்கும் கீழே விற்றார். கரி விலை நின்று, பிறகு கொஞ்சம் குறைந்தது. மஹபூப் பாஷா சிரித்துக்கொண்டே காளவாய் முன்னால் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னாம்மா, காளவாய்க்குக் காளவாய் வெலைதானே? கம்மி பண்ணு."

பழைய ஏற்பாடே இருந்திருந்தால் பொங்கல் வரை பழைய ரேட்டு வந்திருக்கும். கோவிந்தம்மாள் அதை மனசில் ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள். குறைத்துக்கொண்டாள். அதன் பிறகு பாஷா அவளை மரியாதையாக "வாங்கம்மா" என்று கூப்பிடத் தொடங்கினார். அதைப் பச்சையப்பன்தான் கவனித்துச் சொன்னான்.

சில வருஷங்கள் நன்றாகவே போயின. டேனரி முதலாளிகள் ஒருவழியாக மிஷின் வாங்கினார்கள். ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனிகள் முளைத்தன. தோல் தேவை கூடியது. எழுபத்து ஒன்பதில் இன்னொரு காளவாய் கட்ட வேண்டும் என்று சொன்னது பச்சையப்பன். வாழ்நாளில் அவன் துணிந்து சொன்ன ஒரே யோசனை. கோவிந்தம்மாளுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ரயில் ஷெட்டில் கரி என்ஜின்கள் குறைந்து டீசல் என்ஜின்கள் வருகின்றன என்று காண்டிராக்டரே சொல்லியிருந்தார். ஆனாலும் இத்தனை வருஷம் தன் பேச்சைக் கேட்டுவந்த மனுஷன் ஒன்றைக் கேட்கிறானே என்று ஒத்துக்கொண்டாள். இருந்த பசுமாடுகளை விற்று, பாங்கியில் கடனும் வாங்கிக் கட்டினார்கள்.

அந்த ஐப்பசியில் இரண்டாவது காளவாயின் முதல் எரிப்பு. சுண்ணாம்பு வெந்து இறக்க வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பச்சையப்பனும் ஆட்களும் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று தகரத்தைப் பிய்த்தது. மழைத்தண்ணீர் உள்ளே விழுந்ததும் காளவாய் முழுக்கக் கொதித்தது. ஆவி பனைமர உயரத்துக்கு எழுந்தது. வெந்த சுண்ணாம்பு ஊதிப் பெருத்துச் சுவரைத் தள்ளி ஒரு பக்கம் பிளந்துவிட்டது. பச்சையப்பனுக்கு முழங்கை வரை வெந்து போயிற்று. வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

கை ஆறியது. மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்த வேலைக்கும் "பாக்கலாம்" என்றே சொன்னான். வானம் வெளுத்திருந்தாலும் நெருப்பு வைக்கத் தள்ளிப் போட்டான். பாங்கிக் கடனைப் பழைய காளவாயே அடைத்தது. மெதுவாகத்தான்.

எண்பத்து ஒன்றில் ராமலிங்கம் என்ற ஆள் ஒரு ஆய்வுக்காக வந்தார். சிறு தொழில்காரர்கள் வருகிற நாட்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். சட்டைப்பையில் இரண்டு பேனா. காளவாய்ச் சூட்டுக்குத் தள்ளி, வேப்ப மரத்தடியில் நின்று கேட்டார்.

"அடுத்த ஆறு மாசத்துல ஒங்க வியாபாரம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?"

"கொறையும்," என்றான் பச்சையப்பன்.

"கூடும் சார்," என்றாள் கோவிந்தம்மாள்.

ராமலிங்கம் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒரு பதில்தான் எழுத முடியும். ஓனர் யாரு?"

அந்தக் கேள்வியை இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ராமலிங்கமே, "சரி, அப்படியே இருக்கும்னு போட்டுக்கிறேன்," என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வியாபாரம் அப்படியே இருக்கவில்லை. அடுத்த வருஷம் சிமெண்டுக் கட்டுப்பாடு தளர்ந்தது. கொத்தனார்கள் சுண்ணாம்பை விட்டார்கள். ஆந்திராவிலிருந்து ஏற்கெனவே நீற்றி மூட்டை கட்டிய தூள் சுண்ணாம்பு லாரியில் வரத் தொடங்கியது. டேனரிக்கு அது வசதி. கட்டியை உடைக்க வேண்டாம், நீற்ற வேண்டாம். பச்சையப்பன் சொன்னது பலித்தது. ஆனால் டேனரிகளின் மொத்தத் தேவை கூடிக்கொண்டே போனது. அந்த வகையில் கோவிந்தம்மாள் சொன்னதும் பொய்யில்லை. அவள் மஹபூப் பாஷாவிடமே போய்க் கேட்டாள்.

"லாரிச் சரக்க நான் தருவிச்சுத் தந்தா வாங்குவீங்களா பாய்?"

"கல்லு சுடுறதை உட்டுட்றீங்களா?"

"சுடுற சுண்ணாம்பு ஒனக்கு வேணாம்ங்கறியே, இன்னா பண்ணச் சொல்ற?"

ஒருமையில் பேசிவிட்டது பேசிய பிறகுதான் உறைத்தது. பாஷா சிரித்தார். வாங்குவதாகச் சொன்னார். அவர் ரிட்டயர் ஆகும்வரை வாங்கினார்.

பழைய காளவாய்க்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டுக் கிடங்கு கட்டினாள். வாரத்துக்கொரு லாரி, பிறகு இரண்டு. போட்டிக்கு ஆம்பூரில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வருஷம் விலையைக் குறைத்து அடித்துக்கொண்டார்கள்; மூன்று பேருக்கும் நஷ்டம். அதன் பிறகு கொஞ்சம் அடங்கியது. பச்சையப்பன் பொங்கலுக்கு முன்னால் மட்டும், வெள்ளையடிக்கிற சுண்ணாம்புக்காகக் காளவாயை மூட்டினான். மற்ற நாளில் கிடங்கில் மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்த்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மகள் கமலம் பள்ளிக்கூடம் முடித்ததும் ஷூக் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி வேனில் போய் வந்தாள். எண்பத்து ஆறில் கிடங்கு வேலை பெருத்துப் போய்த் தாய் அவளிடம் கேட்டாள்.

"நீ வந்து கல்லாவுல ஒக்காந்தின்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும்மா. நாளைக்கு ஒனக்குத்தானே இதெல்லாம்?"

"வேணாம்மா. ஒண்ணாந்தேதி ஆனா என் கைக்கு இவ்வளவு வரும்னு எனக்குத் தெரியும். ஒனக்கு அடுத்த மாசம் எவ்வளவு வரும்னு நீ சொல்லு பாப்போம்."

"அது எப்டி இப்பவே சொல்ல முடியும்?"

"அதான் வேணாங்கறேன். சின்ன வயசுலேந்து நீயும் அப்பாவும் ஏறுமா எறங்குமான்னு பேசிக்கினே இருப்பீங்க. எனக்குச் சோறு எறங்காது."

கோவிந்தம்மாளுக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பெண் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதுதான் புதிதாக இருந்தது. கமலத்தின் கம்பெனிக்கு அந்த வருஷம் நிறைய ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வந்தது. அந்த ஷூவுக்குத் தோல் போட்ட டேனரிகளில் ஒன்று இவர்கள் கிடங்கில்தான் சுண்ணாம்பு எடுத்தது. அதைக் கோவிந்தம்மாள் மகளிடம் சொன்னாள். கமலம், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கல்லாவுக்குப் பேரணாம்பட்டிலிருந்து வஜீதா என்ற பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்தாள். வஜீதா கணக்கில் கெட்டி. ஆனால் ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டாள். பஸ் மேல் பழி போடுவாள். கோவிந்தம்மாள் தினமும் அவளைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சம்பளத்தையும் வருஷா வருஷம், அவள் கேட்பதற்கு முன்னால், விலைவாசிக்குத் தக்கபடி ஏற்றிக் கொடுத்தாள்.